ராணியின் பிறந்தநாளும் குருக்களின் வேட்டியும்

அவருக்கு ஊரில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவர் வேலை செய்த ஃபக்ரறியில் மட்டும்தான் பாவித்தார்கள், அதுவும் பாதியை வெட்டி. எங்களுக்கு அவர் ஹொலண்ட் அண்ணை. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவோம். கோபிக்கமாட்டார். ஏதோ பட்டம் கிடைத்தது மாதிரிக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அப்பாட்மென்றில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாக இருந்தோம். வீட்டை எடுத்தவர் ராசன் அண்ணை. சமைப்பதும், ஊரிலிருந்து வரும் குடும்பப் பிரச்சினைகளுக்குப் போனில் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். நான் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். ஒரு பிற்சாக் கடையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் மற்றவர்களைப் பகிடி பண்ணுவது என் தொழில். ராசன் அண்ணையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குத்தான் தொழில் நடத்துவது என்று நான் அலுத்துப்போயிருந்த நேரம் பார்த்து, ஒரு சூட்கேசோடும் ஒரு பழைய சைக்கிளோடும் இவர் வந்து இறங்கினார்.

வந்த அன்றைக்குப் பின்னேரமே ஹோலுக்குள் போய்த் திரைச்சீலையை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்துவிட்டார். வெளியே இருட்டுப்படத் தொடங்கியிருந்தது. உள்ளே லைற் எரிந்தது. ராசன் அண்ணை வேலையால் வந்து, காற்சட்டையைக் கழற்றிச் சாரம் மாற்றிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடம் முழுவதும் அவரைப் பார்த்தது.

“என்ன காணும் செய்யிறீர்? மூடும் உதை!”

“ஹொலண்டிலை ஒருத்தரும் திரைச்சீலை மூடமாட்டினம், அண்ணை. எங்களிட்டை மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு காட்டுறதுக்கு.”

“என்னட்டை மறைக்கிறதுக்கு இருக்குது காணும்!”

அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு எந்தக் கதையும் எங்கள் வீட்டில் ‘ஹொலண்டிலை’ என்ற சொல்லில் வந்து முட்டாமல் முடிந்ததில்லை. பஸ் பிந்தினால், ஹொலண்டிலை பஸ் பிந்தாது. பால் புளித்தால், ஹொலண்டிலை மாடே வேறை. ஜனவரி மாதத்துப் பனிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போவார். ஓட முடியாது, தள்ளத்தான் முடியும். “அண்ணை, சைக்கிளிலை போறீங்களோ, இல்லாட்டி சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போறீங்களோ?” என்று கேட்டால், “டேய், காலுக்குப் பழக்கம் விட்டுப்போகப்படாது” என்பார்.

காலையில் பாணுக்குப் பட்டர் பூசி, பிறந்தநாள் கேக்குக்கு மேலே தூவுகிற சொக்கிலேற் மணிகளை அதன்மேல் தூவி, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துப் பயபக்தியாகச் சாப்பிடுவார். அது அங்கே வளர்ந்த ஆட்களின் காலைச் சாப்பாடாம். ஒருநாள் ராசன் அண்ணை தாங்க முடியாமல் அதற்குமேல் ஒரு கரண்டி சம்பலை வைத்துவிட்டுப் போனார். ஹொலண்ட் அண்ணை சம்பலை வழித்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சம்பலைத் தனியாக, கையால் சாப்பிட்டார். அது ஊர்ச் சாப்பாடு, அதற்குக் கைதானாம்.

இரண்டாம் மாடியில் ஒரு பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது. கட்டடத்துப் பார்ட்டி ரூமில் கொண்டாட்டம். நாங்கள் எல்லோரும் நேரே கட்லெற் இருந்த பக்கமாகப் போனோம். இவர் வாசலில் இருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார். பிள்ளையின் மாமனிடம், “உங்கடை மருமேன்ரை பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்.” பெரியம்மாவிடம், “பெறாமேன்ரை பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்.” ஹொலண்டில் பிறந்தநாள் என்றால் அந்த வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம். வீடியோ எடுக்க வந்தவனுக்கும் ஒரு வாழ்த்துக் கிடைத்தது. பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, உவர் எலெக்‌ஷன்லை நிக்கிறாரோ?” என்று கேட்டார்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், இவர் இப்படித் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஹொலண்ட் இவரைத் துரத்திவிட்ட நாடு. எண்பதுகளின் நடுவில் மொஸ்கோ, கிழக்கு ஜேர்மனி என்று சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தவர். படுக்கக் கட்டிலும் குளிக்கத் தண்ணீரும் தின்னப் பாணும் கொடுத்தார்கள். இருக்க அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. அகதி வழக்கை நிராகரித்தார்கள், அப்பீல் போட்டார், அதையும் நிராகரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். இங்கே முதல் விசாரணையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர் வாயில் ஒருநாளும் ‘கனடாவிலை’ என்று ஒரு வசனம் தொடங்கி நான் கேட்டதில்லை. அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் தொங்கியதும் ஹொலண்ட் ராணியின் படம்தான்.

“அண்ணை, கலைச்சுவிட்ட வீட்டுக்காரியின்ரை படத்தைச் சுவரிலை மாட்டி வைச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.”

“டேய், கலைச்சது குடிவரவுக் கந்தோர்க்காரர். ராணிக்கு உந்த விசயம் தெரியாது.”

உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். யாராவது போய் ராணியின் காதில் போட்டிருந்தால் அலுவல் முடிந்திருக்கும் என்பது அவருடைய முடிவு.

நான் படித்த கொஞ்சத்தில் ஒன்று மட்டும் மறக்கவில்லை: யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பிடித்துப் பெரிதாகக் கட்டியவர்கள் ஒல்லாந்தர், அதாவது இவருடைய ஹொலண்டுக்காரர். சமூகக்கல்வியில் எனக்குக் கிடைத்த ஒரே சரி அதற்குத்தான். “அண்ணை, அவங்கள் வந்து எங்கடை ஊரிலை நூறு வருசத்துக்கு மேலை இருந்தவங்கள். ஆரையும் விசா கேட்டவங்களோ? நீங்கள் போய் நாலு வருசம் இருந்தாப்போலை என்ன குறைஞ்சுபோச்சு?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “அவங்கள் கோட்டை கட்டினவங்கள். நான் ஒண்டும் கட்டேல்லையே” என்றார். அன்றைக்கு எனக்குப் பகிடி சரியாக வரவில்லை.

ஏப்ரல் முப்பதுதான் அவருடைய வருசத்தின் உச்சம். அன்றைக்கு ஹொலண்டில் ராணியின் நாள். அவர் சொல்லிக் கேட்டால், அம்ஸ்ரடாமில் அன்றைக்குக் கார் ஓடாது, ரோட்டு முழுக்கச் சனம்தான் ஓடும். எல்லோரும் செம்மஞ்சள், அது ராச குடும்பத்தின் நிறமாம். சேட், தொப்பி, தலைமயிர், நாயின் கழுத்துப் பட்டி, எல்லாம். நகரத்து வாய்க்கால்களில் தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகு, படகு தெரியாத அளவுக்கு ஆட்கள். சந்திக்குச் சந்தி பாண்ட் வாத்தியம். வயலின் பழகத் தொடங்கி இரண்டு மாதமான பிள்ளைகள் எல்லாம் ரோட்டுக்கரையில் நின்று வாசிக்குமாம், அதற்கும் சனம் காசு போடுமாம். ராணி அன்றைக்கு ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து விளையாட்டெல்லாம் விளையாடுவாராம்.

ஸ்காபரோவில் வாய்க்காலும் இல்லை, ராணியும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வேலைக்கு லீவு போடுவார். செம்மஞ்சள் ரீசேட், செம்மஞ்சள் தொப்பி. அங்கே விற்கிற செம்மஞ்சள் கேக் இங்கே கிடைக்காதபடியால் ரவைக் கேசரி கிண்டுவார். அதை ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டு தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவுக்குப் போய் எல்லோருக்கும் கொடுப்பார். வாங்கிய பாதிப்பேர் எந்தக் கோயில் பிரசாதம் என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருமுறை திரும்பி வரும்போது, ரோட்டு வேலை செய்கிற ஆள் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரன் காரை நிறுத்தி, எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவது என்று கேட்டிருக்கிறான். இவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, அவனுக்கும் கேசரி கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கலியாணம் சரிவரவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் இருந்த தாய் கடிதத்துக்குக் கடிதம் அழுதார். வந்த கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் ஒரே இடத்தில் அறுந்தது. “மாப்பிள்ளை எந்நேரமும் ஹொலண்ட் ஹொலண்ட் எண்டு கதைக்கிறாராம். அங்கை ஏதும் தொடுப்பு இருக்கோ?” என்று விசாரிப்பார்கள். ராசன் அண்ணை இல்லை என்று சத்தியம் பண்ணுவார். சத்தியம் பண்ணுகிற அளவுக்கு விசயம் இருக்கிறது என்று அவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள்.

இவர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் ஒரு சம்பந்தம் தட்டிப்போன அன்றைக்கு மட்டும் திரைச்சீலையை அவரே மூடிவிட்டுப் போய்ப் படுப்பார். அதைக் கண்டால் நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொள்வேன்.

கடைசியில் ராசன் அண்ணை ஒரு சம்பந்தம் பிடித்தார். பெண்ணின் பெயர் மாலதி. ஒரு தையல் ஃபக்ரறியில் வேலை, முப்பது கடந்தவர். தமையன் மில்லிக்கனில் வீடு வாங்கியவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் வீடு வாங்கியவர் என்றால் பாதி மந்திரி. தமையனும் பெண்சாதியும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தமையனுக்கு லீவு கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை ஏப்ரல் முப்பது.

ராசன் அண்ணை இவரைக் கதிரையில் இருத்தி, முன்னால் நின்று சட்டம் போட்டார்.

“இஞ்சை பாரும். இதுவும் தட்டிப்போனால் இனி நான் ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கமாட்டன். கொம்மாவுக்கு நீரே பதில் சொல்லும். விளங்குதோ? ஹொலண்ட் எண்ட சொல் வாயிலை வரப்படாது. அந்த ரீசேட், அந்தத் தொப்பி ஒண்டும் வேண்டாம்.”

“அண்டைக்கு நான் ஒறேஞ்ச் போடாமல் இருக்கமாட்டன், அண்ணை.”

“உள்ளுக்கை ஒறேஞ்ச் பெனியன் போட்டு, மேலை வெள்ளைச் சேட் போடுங்கோவன்” என்று நான் சமாதானத்துக்குப் போனேன்.

“ஒளிச்சுக் கொண்டாடுறதெண்டால் கொண்டாடாமலே விடலாம்.”

“வேட்டி சேட் கட்டி, மரியாதையா ஒரு தமிழனா இரும். அவ்வளவுதான் நான் கேக்கிறது” என்றார் ராசன் அண்ணை.

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். “சரி. வேட்டி சேட் கட்டுறன்.”

இவ்வளவு சுலபமாக வழிக்கு வந்துவிட்டாரே என்று ராசன் அண்ணை சந்தோசப்பட்டார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் தன்னுடைய வெள்ளை வேட்டியையும் வெள்ளைச் சேட்டையும், கடையில் வாங்கிய சாயப் பக்கெற்றுகளையும் எடுத்துக்கொண்டு கீழே லோன்றிக்குப் போயிருக்கிறார். கட்டடத்து ஆட்கள் எல்லோரும் பாவிக்கிற மெசின்களில் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் போட்டு, குவாட்டர்க் காசைத் தள்ளி ஓடவிட்டிருக்கிறார். பிறகு சும்மா தண்ணீரில் ஒருமுறை மெசினை அலசிவிட்டதாகச் சத்தியம் பண்ணினார். ஒருமுறைதான்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வேட்டி செம்மஞ்சள், சேட் செம்மஞ்சள். நெற்றியில் திருநீறு வேறு, அது மரியாதைக்காம். அம்ஸ்ரடாமில் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தமோ, எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். காவி. உலகத்தை வெறுத்துவிட்டேன், எனக்குப் பெண் வேண்டாம் என்று சொல்வதற்கு அதைவிடத் தெளிவான உடுப்பு தமிழில் இல்லை.

“ஐயோ!” என்று தலையில் கைவைத்தார் ராசன் அண்ணை. “பொம்பிளை பாக்க வருகினம், நீர் துறவறம் போறீரோ?”

“வேட்டி சேட் எண்டுதானே சொன்னனீங்கள்?”

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

நான்தான் திறந்தேன். தமையன் உள்ளே எட்டிப் பார்த்தார். இவரைக் கண்டதும் ஓரடி பின்னுக்கு வைத்தார். “மன்னிக்கோணும், நம்பர் மாறி வந்திட்டம் போலை கிடக்கு” என்றார். அண்ணிக்காரி அவ்வளவு யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் நின்ற மாலதி அக்கா மட்டும் இவரை மேலிருந்து கீழாக ஒருமுறை ஆற அமரப் பார்த்தார்.

எல்லோரும் இருந்தார்கள். தமையன் தொண்டையைச் செருமினார்.

“ஏதும் விரதமோ?”

“ஓம் ஓம், விரதம்” என்றார் ராசன் அண்ணை.

“இல்லை. ராணியின்ரை பிறந்தநாள்” என்றார் இவர்.

“எந்த ராணி?”

“ஹொலண்ட் ராணி.”

“உங்களுக்குச் சொந்தமோ?”

“தூரத்து முறை” என்றேன் நான். ராசன் அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

“உண்மையைச் சொன்னால் இண்டைக்கு அவவின்ரை பிறந்தநாளும் இல்லை” என்று இவர் விளக்கத் தொடங்கினார். “தாயின்ரை பிறந்தநாள். இப்ப ராணியா இருக்கிற மகளின்ரை ஜனவரியிலை வருது. ஜனவரியிலை குளிர், சனம் ரோட்டுக்கு வரமாட்டுது. அதாலை தாயின்ரை நாளையே வைச்சுக்கொண்டவ.”

தமையனின் முகத்தைப் பார்த்தால், இந்த ஆளோடு கோபிப்பதா, டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போவதா என்று தெரியாமல் இருந்தார். தேத்தண்ணீர் வந்தது. இவர் பிஸ்கற் ரின்னைத் திறந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். ஆளுக்கொன்று எடுத்ததும் ரின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவதுக்கு நீட்டிய தமையனின் கை நடுவழியில் நின்றது. “அங்கை ஒண்டுதான் குடுக்கிறது” என்றார் இவர், மிகவும் பணிவாக.

பிறகு தமையன் நேரே கேட்டார். “ஹொலண்டிலை எல்லாம் நல்லமெண்டால் ஏன் காணும் அங்கையிருந்து வந்தனீர்?”

இந்தக் கேள்விக்கு ராசன் அண்ணை பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். இங்கே சொந்தக்காரர் இருந்தபடியால் விரும்பி வந்தேன் என்று சொல்ல வேண்டும். குசினிக்குள் நின்று நான் அந்தப் பதிலை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

“அவை என்னை ஏத்துக்கொள்ளேல்லை. ரெண்டுதரம் கேட்டுப் பாத்தனான்” என்றார் இவர்.

தமையன் எழும்பினார். “சரி அப்ப, நாங்கள் போன் எடுக்கிறம்.” அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ராசன் அண்ணை பல்கனிக்குப் போய் சிகரெற் பற்றவைத்தார். இவர் மடியில் ரின்னோடு அப்படியே இருந்தார். வந்தவர்களைக் கீழே வரைக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை எனக்கு.

எலிவேற்றர் கீழே திறந்தபோது லொபியில் ஒரு சின்னக் கலவரம் நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர் நடுவில் நின்றார். அவரைச் சுற்றி, லோன்றிக் கூடைகளோடு நாலைந்து குடும்பம். ஒரு தாயின் கையில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுகள், இப்போது மாம்பழ நிறம். எல்லோருக்கும் முன்னால் நாலாம் மாடிக் குருக்களின் பெண்சாதி. ஊரில் குருக்கள் வேட்டியைக் கிணற்றடியில் தானே தோய்த்தவர். கனடாவில் ஆசாரமும் குவாட்டர் போட்டால்தான் ஓடும். அவரிடம் இருந்த வேட்டிகள் எல்லாம் அந்த மெசினுக்குள் போய்த் திரும்பியிருந்தன.

குருக்கள் ஒரு ஓரமாக நின்றார். பின்னேரப் பூசைக்குப் போக வேண்டும், வேறு வேட்டி இல்லை. விண்டர் ஜக்கெற்றுக்குக் கீழே இளம் காவி.

“மூண்டு பிள்ளையளின்ரை தேப்பனைச் சந்நியாசியாக்கிப் போட்டான், ஆரெண்டு தெரியேல்லை!” என்று கத்தினார் குருக்களின் பெண்சாதி. “இந்தக் கோலத்திலை கோயிலுக்குப் போனால், நான் செத்துப்போனனெண்டெல்லோ சனம் நினைக்கும்!”

“கத்தாதை. நல்ல நிறமாத்தான் இருக்கு” என்றார் குருக்கள், தாழ்ந்த குரலில்.

தமையன் மேலே பார்த்தார், எலிவேற்றரைப் பார்த்தார், எல்லாம் விளங்கி முகம் இறுகியது. அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாலதி அக்கா. முதலில் தும்முகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிப்பு. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. லொபியில் கிடந்த வாங்கில் குந்தி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அண்ணிக்காரி தோளைப் பிடித்து உலுப்பினார். சிரிப்பு ஒருவழியாக நின்றதும் எழும்பி எலிவேற்றர் பட்டனை அமத்தினார்.

“எங்கை போறாய்?” என்றார் தமையன்.

“ஹாண்ட்பாக்கை விட்டிட்டு வந்திட்டன்.”

ஹாண்ட்பாக் அவருடைய தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தமையன் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது. நானும் உள்ளே நின்றேன்.

மேலே, ஹொலண்ட் அண்ணை நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தார். மாலதி அக்கா எதிர்க் கதிரையில் இருந்தார். நான் குசினிக்குள் போனேன். அந்தக் குசினிக்குக் கதவு இல்லை, அது என்னுடைய பிழை இல்லை.

“ஒண்டு கேக்கோணும். உண்மை சொல்லுங்கோ. அங்கை ஆரும் இருந்தவையோ?”

“ஓம்.”

இத்தனை வருசமாக ராசன் அண்ணை எத்தனை சத்தியம் பண்ணியிருப்பார்!

“ஆர்?”

“பேர் தெரியாது.”

“பேர் தெரியாமலோ?”

“கேக்கேல்லை. நான் அங்கை போய்க் கொஞ்ச நாள். காம்பிலை இருந்த பெடியளோடை அம்ஸ்ரடாம் பாக்கப் போனனான். ராணியின்ரை நாளெண்டு தெரியாது. நான் போன இடமெல்லாம், பொலிசிலையும் சரி கடையிலையும் சரி, எங்கையிருந்து வந்தனி, ஏன் வந்தனி, எப்ப போறாய் எண்டுதான் கேள்வி. அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த மனிசி ரோட்டுக்கரையிலை ஒரு கதிரை போட்டு, வாற சனத்துக்கெல்லாம் முகத்திலை அவையின்ரை கொடியைக் கீறிக்கொண்டிருந்தது. எனக்கும் நாடியைப் பிடிச்சு நிமித்திக் கீறிவிட்டுது. ஒண்டுமே கேக்கேல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுது.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

“அவவுக்கு என்ன வயசிருக்கும்?”

“எழுபது இருக்கும். பல்லும் இல்லை.”

மாலதி அக்கா சிரிக்கவில்லை. ஹாண்ட்பாக்கை மடியில் வைத்து அதன் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“முந்திப் பாத்த மாப்பிள்ளையள் எல்லாம் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு நல்லபிள்ளையா இருந்தவை. பிறகு விசாரிக்க விசாரிக்கத்தான் ஒவ்வொண்டா வெளியிலை வந்தது. உங்களிட்டை எல்லாம் வெளியிலைதான் கிடக்கு.” எழும்பினார். “ஆனால் அண்ணா ஓமெண்டு சொல்லமாட்டார்.”

“விளங்குது.”

“நான் சொல்லுவன்.”

வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “அந்தக் குருக்களுக்கு முதல்லை ஒரு நல்ல வேட்டி வாங்கிக் குடுங்கோ.”

மில்லிக்கன் வீட்டில் அதற்குப் பிறகு நடந்த சண்டையை நான் பார்க்கவில்லை, கோடை முழுக்க நடந்தது என்று கேள்வி. ராசன் அண்ணை தூது போய் இரண்டுமுறை பேச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஆனி போய் ஆடி போய், இலை நிறம் மாறுகிற நேரத்தில் கலியாணம் நடந்தது. நடத்திவைத்தவர் அதே குருக்கள்தான், மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பட்டுக்கரை வேட்டியோடு. தமையன் தாலி கட்டும்வரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பிறகு, தங்கச்சி வேறு எங்கேயும் போய்க் கஷ்டப்படக்கூடாது என்று தன்னுடைய வீட்டு பேஸ்மென்ற்றையே இருவருக்கும் கொடுத்தார். பக்கத்தில் இருந்தால்தானே கண்காணிக்கலாம்.

அடுத்த வருசம் ஏப்ரல் முப்பது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறில் வந்தால் ஹொலண்டில் முதல்நாள் சனிக்கிழமையே கொண்டாடிவிடுவார்கள் என்பது எனக்கு அவர் சொல்லித் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு ஆள் திருந்தியிருப்பார், எப்படித் திருந்தியிருக்கிறார் என்று பார்த்து நாலு பகிடி விட்டுவிட்டு வரலாம் என்று சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மில்லிக்கன் வீட்டு ட்ரைவ்வேயில் கார் இல்லை. இரண்டு மடிப்பு மேசை போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் செம்மஞ்சள் சேலையோடு மாலதி அக்கா. அவருக்குப் பக்கத்தில் ஹொலண்ட் அண்ணை, செம்மஞ்சள் ரீசேட், கன்னத்தில் மூன்று நிறக் கோடு. கோடு கொஞ்சம் வளைந்திருந்தது, லிப்ஸ்ரிக்கும் திருநீறும் நீலக் கண்மையும் கொண்டு கீறியது. மேசை முழுக்கக் கலியாணத்துக்கு வந்த பரிசுகள். பீங்கான் செற்றுகள், கண்ணாடிக் கிளாசுகள், ஒரே மாதிரி நாலு சுவர் மணிக்கூடு, ஒன்றுக்குள் ஒன்று போகிற சோறு ஆக்கும் பாத்திரங்கள். தெருவில் போன சனம் நின்று நின்று பார்த்தது.

“என்னக்கா இது?”

“அங்கை இண்டைக்கு ஆரும் எதையும் ரோட்டுக்கரையிலை வைச்சு விக்கலாமாம், தம்பி. நகரம் முழுக்கச் சந்தையாம். வீட்டிலை சும்மா கிடக்கிறதெல்லாம் அண்டைக்குத்தான் வெளியிலை வருமாம். பேஸ்மென்ற்றிலை எங்களுக்குக் கால் நீட்ட இடமில்லை.”

இத்தனை வருசம் கூட இருந்தேன், இதை மட்டும் அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். “உனக்குச் சொல்லியிருந்தால் என்ரை சைக்கிளை வித்திருப்பாய்” என்றார்.

அப்போது தமையனின் கார் வந்து, உள்ளே திரும்ப வழியில்லாமல் ரோட்டில் நின்றது. தமையன் இறங்கினார். தன்னுடைய ட்ரைவ்வேயைப் பார்த்தார். தங்கச்சியின் சேலையைப் பார்த்தார். மேசை ஓரத்தில் இருந்த பெரிய பெட்டி ஒன்றைப் பார்த்ததும் அவருடைய கண் அதிலேயே நின்றுவிட்டது. பித்தளை மயில் வைத்த மணிக்கூடு, பெட்டியில் படம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் அதைக் கையால் தடவி, மூன்று விரலைக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்.

“இது நான் தந்ததெல்லோ?”

“ஓம் அண்ணா,” என்றார் மாலதி அக்கா. “அஞ்சு டொலர். உங்களுக்கெண்டால் நாலு.”

தமையன் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி பார்வையை எடுக்கவில்லை. கிழவர் நாலாவது விரலையும் மெல்ல உயர்த்தினார். அதைக் கண்டதும் தமையன் அவசரமாகச் சட்டைப்பையில் கைவிட்டு ஐந்து டொலர்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மாலதி அக்கா ஒரு டொலரைத் திருப்பிக் கொடுத்தார்.

ஹொலண்ட் அண்ணை பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மச்சானிடம் மரியாதையாகக் கொடுத்தார்.

“நல்ல சாமான், அத்தான். இன்னும் பெட்டிகூட உடைக்கேல்லை.”